கால் பங்கு புரிந்ததா? கற்றல் விளைவு, வழிகாட்டும் கேள்வி, வளரறி மதிப்பீடு: ஓர் எளிய அறிமுகம்

நான்காம் வகுப்புக் கணக்கில் பின்னம் நடத்த வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் அதற்கு எப்படித் தயாராவார்? புத்தகத்தைத் திறந்து எத்தனை பக்கம் என்று பார்ப்பார். கையில் எத்தனை நாள் என்று பார்ப்பார். பக்கத்தை நாளால் வகுத்தால் பாடக்குறிப்பு தயார். கடைசி நாளில் ஒரு ஸ்லிப் டெஸ்ட். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் அடுத்த பாடம் தொடங்கிவிடும். வராதவர்கள் வராதவர்களாகவே ஐந்தாம் வகுப்புக்குப் போவார்கள்.

இந்த வரிசையைத் திருப்பிப் போடலாம். பாடம் முடியும்போது குழந்தை என்ன செய்யக்கூடியவளாக இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வது. அங்கே வகுப்பை இழுத்துச் செல்ல ஒரு நல்ல கேள்வியை வைப்பது. வழியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தினமும் பார்த்து, அதற்கேற்ப மறுநாள் பாடத்தை மாற்றுவது. முதலாவது கற்றல் விளைவு, இரண்டாவது வழிகாட்டும் கேள்வி, மூன்றாவது வளரறி மதிப்பீடு. பயிற்சிக் கல்லூரியில் இவற்றைத் தனித்தனித் தலைப்புகளாகப் படித்துத் தேர்வெழுதியிருப்போம். வகுப்பறையில் மூன்றும் ஒரே வேலை. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் வெறும் காகிதம்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் விளங்காது என்பதால், பின்னம் என்ற இந்த ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம்.

எங்கே போய்ச் சேர வேண்டும்

பள்ளிப் பாடத்திட்டங்களுக்கான தேசிய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2017-இல் தொடக்கநிலை வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. நான்காம் வகுப்புப் பின்னத்தில் அது எதிர்பார்ப்பவற்றைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: அரை, கால், முக்கால் பங்குகளைத் தாளை மடித்து ஒரு முழுப் படத்திலும், பொருள்களின் கூட்டத்திலும் அடையாளம் காண்பது, அவற்றை 1/2, 1/4, 3/4 என எண்ணால் எழுதுவது, 2/4-உம் 1/2-உம் போன்ற பின்னங்கள் சமம் என்று காட்டுவது.

இதில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். அடையாளம் காண்பது, எழுதுவது, காட்டுவது. ஒவ்வொன்றையும் குழந்தை செய்யும்போது நாம் கண்ணால் பார்க்க முடியும். ‘பின்னம் பற்றிப் புரிந்துகொள்வர்’ என்று பாடக்குறிப்பில் எழுதிவிட்டால் எதைப் பார்ப்பது? ‘புரிஞ்சுதா?’ என்று கேட்போம். ‘புரிஞ்சுது டீச்சர்’ என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். அந்த ராகத்தில் எத்தனை பேருக்கு உண்மையில் புரிந்தது என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

விளைவுகளை ஊன்றிப் படித்தால் இன்னொன்றும் தெரியும்: எல்லா வரிக்கும் ஒரே எடை கிடையாது. 1/4 என்று எழுதப் பழக்குவது ஒரு நாள் வேலை. சமம் என்று காட்ட வைப்பது ஒரு வாரம் பிடிக்கும். பக்கத்தை நாளால் வகுக்கும் ஆசிரியர் இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்துவிடுவார்.

‘பொருள்களின் கூட்டத்தில்’ என்ற சொற்களையும் பலர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறோம். பாடம் நடத்தும்போது நாம் பலகையில் போடுவது பெரும்பாலும் வட்டமும் செவ்வகமும்தான். அவற்றில் கால் பங்குக்கு வண்ணம் அடிக்கும் குழந்தையிடம் 12 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ‘இதில் கால் பங்கு எடு’ என்று சொல்லிப் பாருங்கள். 4 கொட்டையை எடுத்து நீட்டும் பிள்ளைகள் நிறையப் பேர். 1/4 என்றதும் அவர்கள் கண்ணில் படுவது அந்த 4-தான். நான்கு தட்டு வைத்துச் சமமாகப் பங்கிடச் சொன்னால் தட்டுக்கு மூன்று விழும். அப்போதுதான், பின்னத்தின் கீழே இருக்கும் எண் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது, எத்தனை கொட்டை என்பதை அல்ல என்று பிடிபடும்.

கடைக்குப் போய்க் கால் கிலோ சர்க்கரை வாங்கி வருகிற பிள்ளைக்கு இது ஏன் தெரியாது என்று கேட்கத் தோன்றும். அந்தப் பிள்ளைக்குக் கால் கிலோ என்பது ஒரு பொட்டலத்தின் அளவு. ஒரு கிலோவை நான்காகப் பிரித்ததில் ஒன்று என்ற எண்ணமே அங்கே எழுவதில்லை. வீட்டுப் பேச்சில் அரையும் காலும் முக்காலும் ஏற்கெனவே இருப்பது நமக்குப் பெரிய வசதி. ஆனால் அந்தப் பேச்சையும் பலகையில் எழுதும் 1/4-ஐயும் ஆசிரியர்தான் முடிச்சுப் போட வேண்டும்.

கற்றல் விளைவை எழுதி மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்கினால் போதாது, பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். அவர்கள் மொழியில்: ‘இந்தப் பாடம் முடியறப்போ, எதைக் கொடுத்தாலும் அதுல கால் பங்கு எவ்வளவுன்னு காட்டுவீங்க. ரெண்டு பங்கு சமமா இல்லையான்னு நீங்களே சோதிச்சுச் சொல்லுவீங்க.’ போகும் இடம் தெரிந்த பிள்ளை, தான் எங்கே நிற்கிறோம் என்பதையும் ஓரளவு கணிக்கத் தொடங்கும்.

எந்தக் கேள்வி இழுத்துச் செல்லும்

‘பின்னம் என்றால் என்ன?’ இதற்கு ஒரே விடை, அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. மனப்பாடம் செய்தவர் சொல்வார், மற்றவர்கள் வாய் பார்ப்பார்கள். விடை வந்ததும் கேள்வியின் ஆயுள் முடிந்துவிடும்.

இன்னொரு கேள்வி: ‘மூன்று கடலைமிட்டாய் இருக்கிறது, நான்கு பேர் இருக்கிறீர்கள். யாருக்கும் கூடக் குறையாமல் எப்படிப் பங்கு போடுவீர்கள்?’

செவ்வகமாக வெட்டிய மூன்று தாளைக் கடலைமிட்டாயாகக் கொடுத்து நான்கு நான்கு பேராக உட்கார வையுங்கள். சில குழுக்கள் ஒவ்வொரு மிட்டாயையும் நான்காக வெட்டி ஆளுக்கு மூன்று சின்னத் துண்டு கொடுக்கும். சில குழுக்கள் இரண்டு மிட்டாயைப் பாதியாக வெட்டி ஆளுக்கு ஒரு பாதி கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை நான்காக்கும். அபூர்வமாக ஒரு குழு, மூன்று மிட்டாயிலும் கால் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சேர்த்து நான்காவது ஆளுக்குத் தரும். மூன்று பேர் கையில் பெரிய துண்டு ஒன்று, நான்காவது ஆள் கையில் சின்னத் துண்டு மூன்று. ‘எனக்கு மட்டும் ஏன் சின்னச் சின்னதா?’ என்று சண்டை வரும். வரட்டும். ஆசிரியர் அப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘சமமா, இல்லையா? எப்படி நிரூபிப்பீங்க?’

துண்டை வைத்து ஒட்டிப் பார்ப்பார்கள், ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கிப் பார்ப்பார்கள். முக்கால் என்பது மூன்று கால், அது அரையும் காலும் சேர்ந்தது, அரை என்பது இரண்டு கால் என்பதெல்லாம் அவர்கள் கையாலேயே வெளியே வரும். மேலே பார்த்த கற்றல் விளைவுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. வழிகாட்டும் கேள்வி என்று சொல்வது இதைத்தான்: ஒரே பிரியடில் தீர்ந்துபோகாதது, ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் அணுகக்கூடியது, விடை சொன்னவரிடம் காரணமும் கேட்பது, எல்லாவற்றுக்கும் மேலாக நாம் குறித்துவைத்த விளைவை நோக்கியே போவது.

கடைசிச் செய்தி முக்கியம். சுவையான கேள்விகளைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ‘பின்னம் இல்லாத உலகம் எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் வகுப்பு கலகலக்கும், ஆனால் மணி அடிக்கும்போது யாருக்கும் 2/4 பற்றி ஒன்றும் கூடுதலாகத் தெரிந்திருக்காது. பயிற்சி வகுப்புகளில் ‘சிந்தனையைத் தூண்டும் கேள்வி’ என்று கைதட்டல் வாங்குபவற்றில் பல இந்த ரகம்.

பாடம் முழுவதற்கும் ஒரு பெரிய கேள்வி போதும்: ‘இரண்டு பங்கு சமமா என்று எப்படி உறுதி செய்வது?’ பலகையின் மூலையில் எழுதி, பாடம் முடியும் வரை அழிக்காமல் விட்டுவிடலாம். மிட்டாய்க் கேள்வி அதன் கீழே வருவது. இன்னொரு நாள் சதுரத் தாளைக் கொடுத்து நான்கு சமபாகமாக மடிக்கச் சொல்லலாம். சிலருக்கு நான்கு சின்னச் சதுரம் வரும். குறுக்காக மடித்தவர்களுக்கு நான்கு முக்கோணம் வரும். முக்கோணக் காலும் சதுரக் காலும் சமமா? பார்த்த மாத்திரத்தில் ‘இல்லை’ என்று பலர் சொல்வார்கள். முக்கோணத்தை நடுவில் வெட்டி இரண்டு துண்டையும் திருப்பிச் சேர்த்தால் அச்சாக அந்தச் சின்னச் சதுரமே வரும். ஆசிரியர் செய்து காட்டினால் இரண்டு நிமிடம். பிள்ளைகளைத் தேடவிட்டால் ஒரு பிரியடே போகலாம். தேடவிடுங்கள்.

கேட்ட பிறகு காத்திருப்பது தனிக் கலை. அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1974-இல் எழுதினார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி சின்னது போலத் தெரியும். வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாக இருக்கும்.

யார் எங்கே நிற்கிறார்கள்

பருவ இறுதியில் மொத்தமாகப் பார்ப்பது தொகுத்தறி மதிப்பீடு. நடக்கும்போதே பார்ப்பது வளரறி மதிப்பீடு. இந்தப் பாகுபாட்டை 1967-இல் முன்வைத்தவர் மைக்கேல் ஸ்க்ரிவன். அவர் அப்போது பேசியது பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி. மாணவர் கற்றலுக்கு அது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998-இல் ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வளரறி மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்தால் கற்றல் கணிசமாக உயர்கிறது, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதலாக உதவுகிறது என்று எழுதிய பிறகுதான் உலகம் முழுக்க இது கல்விக் கொள்கைப் பேச்சானது.

செயலில் இது எப்படி இருக்கும்? பாடத்தின் நடுவே, அடுத்த கட்டத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில், இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பலகையில் மூன்று படம் போடுங்கள். முதலாவது, நான்கு சமமற்ற துண்டுகளாகப் பிரித்த வட்டம், ஒன்று மட்டும் நிழலிட்டது. இரண்டாவது, ஐந்து சம துண்டுகளாகப் பிரித்த செவ்வகம், ஒன்று நிழலிட்டது. மூன்றாவது, எட்டு சம துண்டுகளாகப் பிரித்த செவ்வகம், இரண்டு நிழலிட்டவை. ‘எதில் நிழலிட்ட பாகம் 1/4? அந்தப் படத்தின் எண்ணை விரலால் காட்டுங்கள். எதிலும் இல்லையென்றால் நான்கு விரல்.’ கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரலைக் காட்ட வேண்டும். பக்கத்திலிருப்பவரைப் பார்த்து விரலை மாற்ற வழியில்லை.

சரியான விடை மூன்று. ஆனால் எத்தனை பேர் சரி என்ற எண்ணிக்கையைவிடத் தவறுகள்தான் நமக்கு வேண்டும், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு தவறுக்குப் பின்னாலும் ஓர் எண்ணம் இருக்கிறது. ஒரு விரல் காட்டிய பிள்ளை துண்டுகளை எண்ணுகிறது. துண்டுகள் சமமாக இருக்க வேண்டும் என்பது இன்னும் உறைக்கவில்லை. இரண்டு விரல் காட்டிய பிள்ளை நிழலிட்டது ஒன்று, நிழலிடாதது நான்கு, ஆகவே 1/4 என்று கணக்குப் போட்டிருக்கிறது. முழுமையோடு ஒப்பிடாமல் மிச்சத்தோடு ஒப்பிடுகிறது. நான்கு விரல் காட்டிய பிள்ளையை நான் கொஞ்சம் மெச்சுவேன். சம பாகம் என்பது தெரிந்திருக்கிறது, அதனால்தான் முதல் படத்தை ஒதுக்கியது. 2/8-உம் 1/4-உம் ஒன்றே என்பதுதான் இன்னும் எட்டவில்லை.

மூன்று பேருக்கும் மருந்து வேறு. முதல் பிள்ளைக்கு மடித்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும் வேலை. இரண்டாவது பிள்ளையிடம் ‘மொத்தம் எத்தனை துண்டு?’ என்ற கேள்வி. பிறகு ஐந்து துண்டையும் ஒட்டி முழுச் செவ்வகத்தை அதன் கையாலேயே உருவாக்க வைப்பது. நான்கு விரல் காட்டிய பிள்ளைக்கு ஒரு தாள்: நான்காக மடித்து ஒரு பாகத்துக்கு வண்ணம் அடி, இப்போது இன்னொரு முறை மடித்து விரி. துண்டு எட்டாகிவிட்டது, வண்ணத் துண்டு இரண்டாகிவிட்டது. அடித்த வண்ணம் கூடியதா?

வகுப்பில் பெரும்பாலோர் தவறினால், அந்தப் பாடத்தை வேறு வழியில் மறுபடி எடுக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் மாறுபட்ட விரல் காட்டியவர்களை ஜோடி சேர்த்து ஒருவருக்கொருவர் காரணம் சொல்லச் சொல்லலாம். பல நேரம் ஆசிரியரைவிடப் பக்கத்து இருக்கைப் பிள்ளை தெளிவாகச் சொல்லும். நாலைந்து பேர் மட்டும் தவறினால், மற்றவர்களுக்குப் பயிற்சிக் கணக்கைக் கொடுத்துவிட்டு அவர்களோடு தரையில் உட்காரலாம்.

இதற்கெல்லாம் மதிப்பெண் போட வேண்டியதில்லை. போடாமல் இருப்பதே நல்லது. ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுக்குக் கருத்து மட்டும், ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நோட்டைத் திருத்திக் கொடுத்ததும் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. எண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்து நோட்டு எண்ணைப் பார்ப்பார்கள், மூடி வைப்பார்கள். நாம் சிவப்பு மையில் எழுதியதை யாரும் படிப்பதில்லை.

எழுதும் கருத்தும் பிள்ளைக்கு ஒரு வேலை வைக்க வேண்டும். ‘நன்று’, ‘இன்னும் முயற்சி செய்’ என்பவற்றை வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ‘முதல் படத்தில் நான்கு துண்டும் ஒரே அளவா? வெட்டி அடுக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்.’ இதை வைத்து ஏதாவது செய்யலாம்.

நம் ஊரில் நடந்தது

2009-இல் நிறைவேறிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, குழந்தையின் புரிதலைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு முப்பருவ முறை வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் செயல்பாடுகளுக்குப் பாதி, சிறு தேர்வுகளுக்குப் பாதி. ஆசிரியர் அறையில் செயல்பாடுகளுக்கு எஃப்.ஏ.(ஏ), சிறு தேர்வுகளுக்கு எஃப்.ஏ.(பி), தொகுத்தறி மதிப்பீட்டுக்கு எஸ்.ஏ. என்று பெயர்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 40 என்ற எண் வந்ததும் வளரறி மதிப்பீடும் மதிப்பெண் பதிவேடாகச் சுருங்கியது. செயல்பாடு என்ற பெயரில் ஆல்பம் வந்தது, சார்ட் வந்தது. ஸ்டேஷனரி கடையில் படம் வாங்கி அம்மாவோ அண்ணனோ ஒட்டித் தந்ததற்குப் பத்துக்கு ஒன்பது. அந்த ஒன்பதைப் பார்த்து மறுநாள் பாடத்தை எந்த ஆசிரியரும் மாற்றியிருக்க முடியாது. அதில் பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒரு மதிப்பீடு வளரறியா என்று சோதிக்க என்னிடம் இருக்கும் உரைகல் இதுதான்: இதன் முடிவு வேறாக இருந்திருந்தால் நாளை வகுப்பில் நான் வேறு ஏதாவது செய்திருப்பேனா? இல்லையென்றால் அது பதிவேட்டு வேலை. பதிவேட்டு வேலையும் தேவைதான், ஆனால் அதன் பெயர் வேறு.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒரு விதத்தில் இந்த உரைகல்லுக்கு நெருங்கி வந்தது. தொடக்கத்தில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்த அது, பிள்ளைகளை அவர்கள் இப்போது நிற்கும் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி தரும் ஏற்பாடு. மதிப்பீட்டின் முடிவு நாளைய வேலையைத் தீர்மானிக்கிறது. ஒரு கவலை உண்டு. ‘இவன் அரும்பு’ என்பது இந்த வாரத்து நிலையாக இல்லாமல் பையனின் பட்டப்பெயராகிவிட்டால், பழைய ‘மக்கு’ பெஞ்சுக்கு அழகான பெயர் வைத்ததாகவே முடியும். வாசிப்பில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம். ஒரு மாதத்தில் இரண்டும் மாறலாம்.

திங்கட்கிழமை எப்படித் தொடங்குவது

ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாப் பாடத்திலும் எல்லாப் பிள்ளையையும் தினமும் கவனிப்பது நடக்காது. ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான கற்றல் விளைவைப் படித்து, பிள்ளையிடம் எதைப் பார்த்தால் அது வந்துவிட்டது என்று சொல்வீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். ஒரு கேள்வி. நடுவே விரல் காட்டும் சோதனை ஒன்று. அதன் தவறான விடைகளை யோசித்து வைப்பதற்கு, பாடத்தைத் தயாரிக்கும் அளவு நேரம் பிடிக்கும். பரவாயில்லை, அடுத்த ஆண்டும் அதே தவறுகள்தான் வரும்.

மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஆளுக்கொரு துண்டுத் தாள்: ‘8 பந்தில் முக்கால் பங்கு எத்தனை? படம் போட்டுக் காட்டு.’ சாயங்காலம் திருத்தாமல் மூன்று அடுக்காகப் பிரித்து வையுங்கள். வந்தவர்கள், பாதி வந்தவர்கள், வராதவர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மூன்றாவது அடுக்கில் இருப்பவர்களோடு நாளைக்கு முதல் பத்து நிமிடம் உட்கார வேண்டும். முதல் அடுக்குக்கு மூன்று மிட்டாயை ஐந்து பேருக்குப் பங்கிடும் கணக்கு. நடு அடுக்கைக் கவனமாகப் பாருங்கள். 6 என்று எழுதிவிட்டுப் படம் தவறாகப் போட்டவர்களும், படம் சரியாகப் போட்டுவிட்டு எண்ணைத் தப்பாக எழுதியவர்களும் அங்கேதான் கலந்து கிடப்பார்கள். முதல் வகையினர் பக்கத்துத் தாளைப் பார்த்திருக்கலாம். இரண்டாம் வகையினரிடம் ‘நீ போட்ட படத்தையே இன்னொரு தடவை எண்ணு’ என்று சொன்னால் போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் நாளுக்கு ஐந்து பிள்ளைகளின் பெயரும் பக்கத்தில் ஒரு வரியும் எழுதிவந்தால், இரண்டு வாரத்தில் வகுப்பு ஒரு சுற்று வந்துவிடும். ‘தட்டில் பங்கிடுகிறாள், எண்ணால் எழுதத் தயங்குகிறாள்’ என்ற வகை வரிகள். பருவ முடிவில் பதிவேட்டை நிரப்பும்போது அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் வந்து ‘எம் பொண்ணு எப்படிப் படிக்குது சார்?’ என்று கேட்கும்போதும்.